சாவ் மிகெல் மாட்டு நாய்: கூடவே இருந்து பார்த்த அனுபவம்

போர்ச்சுகல் நாய் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது, ஒபாமா குடும்பம் வெள்ளை மாளிகையில் வளர்த்த சுருள்முடித் தண்ணீர் நாய். எங்கள் வீட்டில் இருப்பது வேறு ரகம்: காவ் டி ஃபீலா டி சாவ் மிகெல். அட்லாண்டிக் நடுவே, போர்ச்சுகலைச் சேர்ந்த அசோர்ஸ் தீவுகளில் பெரியதான சாவ் மிகெலின் மாட்டு நாய்.

அந்தத் தீவில் ரிபெய்ரா கிராண்டே ஊர்ப் பக்கம், மேய்ச்சல் நிலத்தை ஒட்டிய வாடகை வீடு எங்களுடையது. பக்கத்து வீட்டுப் பெரியவர் பால் பண்ணைக்காரர். அவருடைய நாய் போட்ட குட்டிகளில் ஒன்றுதான் எங்கள் மோரேனா. காலையில் அவருக்கு ஒத்தாசையாகப் போவேன், இவளும் கூட வருவாள். அதனால் வேலையிலும் பார்த்திருக்கிறேன், சோபாவிலும் பார்த்திருக்கிறேன். வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

உருவம் நடுத்தரம்தான். ஆண் 50-60 செ.மீ. உயரம், 25-35 கிலோ. பெண் 48-58 செ.மீ., 20-30 கிலோ. பார்க்க அதைவிடக் கனமாகத் தெரியும். தலை பெரிது, கழுத்து தடிமன். அடி நிறம் செவலையோ மஞ்சளோ சாம்பலோ, மேலே வரி ஓடியே ஆகவேண்டும். நெற்றியில், நெஞ்சில், பாதத்தில் கொஞ்சம் வெள்ளை இருக்கலாம். குட்டை முடி, கொஞ்சம் சொரசொரப்பு. தூறல் ஓயாத ஊர் இது. சேற்றில் புரண்டு வந்தாலும் காய்ந்ததும் தானாக உதிர்ந்துவிடும். பழைய படங்களில் காதை வட்டமாக வெட்டி, வாலையும் நறுக்கி வைத்திருப்பார்கள். கழுதைப்புலி மாதிரி ஒரு முறைப்பு வந்துவிடும். மோரேனாவுக்குப் பிறந்த காது, பிறந்த வால். அவள் மூட் என்னவென்று அந்தக் காதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறேன். அதை எதற்கு வெட்ட வேண்டும்?

இவளுடைய அருமை தெரிவது நிலத்தில்தான். இங்கே மாடுகள் வருஷம் முழுக்கப் புல்வெளியிலேயே கிடக்கும். கறவை எந்திரத்தையே வண்டியில் இழுத்துக்கொண்டு மாடு இருக்கும் இடத்துக்குப் போகிற பண்ணைகள் நிறைய. சிதறி மேயும் மாடுகளை எந்திரத்தண்டை கொண்டுவந்து சேர்ப்பது நாயின் பொறுப்பு. மோரேனா குரைப்பது குறைவு. பின்னால் போய் நிற்பாள். நகராத மாட்டின் பின்னங்காலில், குளம்புக்குச் சற்று மேலே ஒரு கவ்வு. கவ்விய நொடியே வயிறு தரையில் ஒட்டப் படுத்துவிடுவாள். உதை காற்றில் போகும். மாடு நாலடி வைப்பதற்குள் அடுத்த மாட்டின் பின்னால் நிற்பாள். கறவை மாட்டைத் தாழத்தான் கடிக்கவேண்டும்; பல் மேலே போனால் மடியும் காம்பும் கிழியும். மந்தையை விட்டு ஓடுகிற மாடு என்றால் இன்னும் மேலே கடிப்பாள். இதை யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவில்லை. தாயோடு சுற்றியதில் பாதி, ரத்தத்தில் பாதி என்பார் பெரியவர்.

அந்த ரத்தத்துக்கு ஒரு கதை இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இந்தத் தீவுகளில் குடியேறியபோது கூடவே மாடும் வந்தது, மாட்டுக்காக நாயும் வந்தது. அசோர்ஸின் இன்னொரு தீவான தெர்செய்ராவில் முறுக்கு வாலோடு ஒரு ஃபீலா, அதாவது கவ்விப் பிடிக்கும் நாய், இருந்தது. இன்று அந்த இனம் இல்லை. சாவ் மிகெல் நாய் அதனுடைய வாரிசு என்றும், மஸ்டிஃப் எனப்படும் கனத்த காவல் நாய்கள் பிற்பாடு கலந்தன என்றும் சொல்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சாவ் மிகெலில் இது இருந்திருக்கிறது. ஆனால் காகிதத்தில் ஏறியது மிகத் தாமதம். 1980-களில் அன்டோனியு ஜுஸே அமரால் என்பவரும், கால்நடை மருத்துவர் மரியா டி ஃபாட்டிமா மஷாடு மெண்டிஷ் கப்ராலும் சேர்ந்து பதிவு வேலையைத் தொடங்கினார்கள். 1984-இல் இனத்தின் இலக்கணம், அதாவது இந்த நாய் எப்படி இருக்கவேண்டும் என்ற வரையறை, எழுதப்பட்டது. சர்வதேச நாய்க் கூட்டமைப்பான எஃப்சிஐ 1995-இல் தற்காலிகமாகவும், 2008-இல் முழுமையாகவும் அங்கீகரித்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். போர்ச்சுகலின் வடக்கு மலைகளில் இருக்கும் காஸ்ட்ரோ லபொரெய்ரோ நாயின் தொழில் ஓநாயிடமிருந்து மந்தையைக் காப்பது. தீவில் ஓநாய் ஏது? இங்கே நாய் சமாளிக்க வேண்டியது முரண்டு பிடிக்கும் மாட்டையும், நேரங்கெட்ட நேரத்தில் வேலி தாண்டும் ஆளையும்தான். நாட்டின் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கொடுக்கும் அசோர்ஸில் அது ஒன்றும் சின்ன வேலை இல்லை.

சரி, வீட்டுக்குள்? அங்கேதான் சிக்கல். நிலத்தில் எதையெல்லாம் மெச்சுகிறோமோ அதெல்லாம் வீட்டுக்குள்ளும் கூடவே வரும். ஓடுகிற எதையும் இவளால் சும்மா விட முடியாது. சைக்கிள், தள்ளுவண்டி, ஓடிப்பிடித்து விளையாடும் பிள்ளைகள், எல்லாமே அவளுக்கு மந்தையை விட்டுப் பிரிந்த மாடுதான். என் மனைவியின் தோழி மகன் கூடத்தில் ஓடியபோது, கால்சட்டையின் கீழ் மடிப்பை மட்டும் கவ்வி நிறுத்தினாள். தோலில் ஒரு கீறல் இல்லை. பையன் சிரித்தான், அவன் அம்மா சிரிக்கவில்லை. அதிலிருந்து குழந்தைகள் வந்தால் இவளுக்குத் தனி அறை.

இரவில் இன்னொரு நாய் ஆகிவிடுவாள். பகலில் அசட்டையாகப் படுத்திருப்பவள், இருட்டியதும் வாசலைச் சுற்றிச் சுற்றி வருவாள். அடிக்கடி வருகிறவர்களாக இருந்தாலும் ராத்திரி வந்தால் நான் எழுந்துபோய்த்தான் அழைத்துவர வேண்டும். சொன்ன பேச்சு கேட்பது என்னிடம் மட்டும். மனைவி கூப்பிட்டால் யோசிப்பாள், மற்றவர்கள் கூப்பிட்டால் திரும்பக்கூட மாட்டாள். அதட்டி வழிக்குக் கொண்டுவரலாம் என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கமே வரவேண்டாம். எதையும் சட்டென்று பிடித்துக்கொள்கிற மூளை. கெட்ட பழக்கத்தையும் அதே வேகத்தில் பிடித்துக்கொள்ளும். குட்டியிலேயே ஆட்களையும் மற்ற நாய்களையும் பழக்கிவிடுவது கட்டாயம்.

சாப்பாட்டில் தொல்லை இல்லை, முடி பராமரிப்பு என்று ஒன்றுமே இல்லை. வெறிநாய் ஊசியும் மைக்ரோசிப்பும் போர்ச்சுகலில் எல்லா நாய்க்கும் உண்டு, இவளுக்கும் போட்டாயிற்று.

தீவின் பெரிய நகரமான பொன்டா டெல்காடாவில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் நண்பர் ஒருவர் இவளைப் பார்த்து ஆசைப்பட்டு, அடுத்த ஈற்றில் ஒரு குட்டி கேட்டார். காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போனால் மாலைதான் திரும்புவார். கொடுக்கவேண்டாம் என்று பெரியவரிடம் நானே சொல்லிவிட்டேன். தோட்டமோ நிலமோ இருந்து, தினமும் கூடவே திரிய நேரமும் இருக்கிறவர் கேட்டால் யோசிக்காமல் வாங்கச் சொல்வேன். மாடே இருந்தால் இன்னும் நல்லது.