தமிழ் எழுத்தா, அகராதிக் குறியா, போனா? இங்கிலீஷ் உச்சரிப்புக்கு எதை நம்புவது

அண்ணன் மகள் பாளையங்கோட்டையில் நர்சிங் முடித்துவிட்டு வெளிநாட்டு வேலைக்காக ஐயெல்ட்ஸ் என்கிற இங்கிலீஷ் தகுதிப் பரீட்சைக்குப் படிக்கிறாள். வாசிப்பு, எழுத்து இரண்டும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு, வாயைத் திறந்தால்தான் சிக்கல். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து மூன்று பொருளை என் முன்னால் வைத்தாள்: ஒவ்வொரு இங்கிலீஷ் சொல்லுக்கும் பக்கத்தில் தமிழில் உச்சரிப்பு அச்சடித்த ஒரு கைடு, செங்கல் கனத்தில் ஒரு அகராதி, அவளுடைய போன். "சித்தப்பா, இதுல எதை வச்சுப் படிக்க? மூணையும் பாக்க நேரம் கெடையாது."

நான் இங்கிலீஷ் வாத்தியார் இல்லை. பத்து வருஷம் போனில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் பேசிப் பிழைத்தவன், "பார்டன்?" என்று ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்கப்பட்டவன். அவ்வளவுதான் தகுதி. இரண்டு மாதம் அவளோடு உட்கார்ந்து மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

அதற்கு முன்னால் ஒன்று. ஐயெல்ட்ஸ் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம், மதிப்பெண்ணில் கால் பங்கு உச்சரிப்புக்கு. வெள்ளைக்காரனைப் போல இழுத்துப் பேசச் சொல்லி அதில் எங்கும் இல்லை, எதிரில் இருப்பவருக்குச் சிரமமில்லாமல் புரிய வேண்டும். அதனால் பிரிட்டிஷா அமெரிக்கனா என்ற பஞ்சாயத்தை முதல் நாளே மூட்டை கட்டிவிட்டோம். 'கார்' என்ற சொல்லின் கடைசி ரகரத்தை லண்டன்காரர்கள் விழுங்குவார்கள், அமெரிக்கர்கள் சொல்லுவார்கள், நாமும் சொல்லுவோம். சொல்லிவிட்டுப் போவோம்.

தமிழில் எழுதிப் படிப்பதைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் உண்டு, நான் அந்தக் கட்சி இல்லை. இங்கிலீஷில் எழுத்து 26, ஒலி கிட்டத்தட்ட 44. காக்ஸ்டன் என்ற அச்சுக்காரர் 1476-ல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சு இயந்திரம் வைத்த பிறகு எழுத்துக்கூட்டல் கொஞ்சம் கொஞ்சமாக உறைந்துபோனது, ஆனால் ஜனங்களின் வாய் நிற்காமல் மாறிக்கொண்டே போனது. அதனால்தான் கத்தியின் பெயரில் முதல் எழுத்து சும்மா உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்தில் 'நைஃப்' என்று தமிழில் போட்டுக் கொடுத்தால் சந்தேகம் தீர்ந்தது. கப்பலுக்கு ஷிப், செம்மறியாட்டுக்கு ஷீப் என்று குறில் நெடிலும் காட்டிவிடலாம்.

சிக்கல் 'ப'வில் ஆரம்பிக்கிறது. நம் இடையன்குடியில் இருந்த கால்டுவெல் 1856-ல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இதை ஒரு விதியாகவே சொல்லியிருக்கிறார்: தமிழில் ஒரே எழுத்து சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லென்று ஒலிக்கும், நடுவில் தனியாக வந்தாலோ மெல்லினத்துக்குப் பின்னால் வந்தாலோ அதிர்ந்து ஒலிக்கும். 'பல்'லில் ஒரு ப, 'கம்பு'வில் வேறு ப. இரண்டு ஒலியும் நம் வாயில் இருக்கிறது, எங்கே எது என்பதை இடம் தீர்மானிப்பதால் தனி எழுத்து வேண்டியிருக்கவில்லை. இங்கிலீஷிலோ இரண்டும் சொல்லுக்கு முதலில் வந்து நிற்கும். 'பிக்' என்று எழுதினால் பன்றியா, பெரியதா? 'பஸ்' என்றால் வண்ணார்பேட்டையில் ஏறுகிற பஸ்ஸா, புண்ணில் வடிகிற சீழா? நர்ஸ் வேலைக்குப் போகிறவளுக்கு இது விளையாட்டு இல்லை. பூனையும் வாசல் கதவும் கைடில் ஒரே 'கேட்'. (இதைத் தமிழில் எழுதுகிற எனக்கும் அதே கதிதான் பாருங்கள், ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் சொல்லி அடையாளம் காட்ட வேண்டியிருக்கிறது.)

அதைவிடப் பெரிய ஓட்டை, தமிழ் எழுத்து எல்லா அசையையும் சமமாக உட்கார வைத்துவிடும். இங்கிலீஷ் அப்படி நடக்கிற பாஷை இல்லை. ஒரு அசையை ஓங்கி அடித்து, மற்றதைப் பாதி தின்றுவிடும். திருநெல்வேலியை அவர்கள் டின்னவெல்லி ஆக்கினதில் 'ரு' எங்கே போனது என்று யோசித்தாலே அந்த வாயின் குணம் பிடிபடும்.

அகராதிக் குறிகளைப் பார்த்ததும் பிள்ளை மிரண்டுவிட்டாள். 1886-ல் பாரீஸில் தொடங்கிய ஒரு மொழி ஆசிரியர் சங்கம் வளர்த்தெடுத்த முறை இது, ஒரு ஒலிக்கு ஒரு குறி. பெரும்பாலானவை நமக்குத் தெரிந்த ஏ பி சி டி எழுத்துகளே, புதிதாகப் பழக வேண்டியது ஒரு பதினைந்துக்குள்தான் இருக்கும். பூனைக்கு இரண்டு எழுத்து ஒட்டிப் பிறந்த குறி, வாசல் கதவுக்கு இரண்டு உயிர் சேர்ந்த குறி, குழப்பமே இல்லை. ஆனால் நான் அகராதிக்குக் காசு கொடுப்பது ஒலிக்குறிகளுக்காக இல்லை. அசைக்கு முன்னால் தலைக்கு மேலே நிற்குமே, சின்னதாக ஒரு செங்குத்துக் கோடு, அதற்காக. எந்த அசையை அடிக்க வேண்டும் என்று அது காட்டும். 'போட்டோகிராஃப்' என்றால் முதல் அசையில் அடி, 'போட்டோகிராஃபி' என்று நீண்டால் அடி இரண்டாவதுக்கு நகர்ந்து 'ஃபடோக்ரஃபி' போல ஆகிவிடும், 'கிராஃபிக்' என்று முடிந்தால் மூன்றாவதுக்குத் தாவும். ஹோட்டலுக்கு அடி இரண்டாவது அசையில், நாம் முதலில் போடுகிறோம். அடி மாறினால் கேட்பவருக்குச் சொல்லே மாறிப்போகிறது, ஒரு ஒலி கோணிப்போனதை அவர்கள் மன்னித்தாலும் இதைத் தாண்டி வர மாட்டார்கள். என்னைக் கேட்ட "பார்டன்"களில் முக்கால்வாசி இதனால்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அடி விழாத அசைகளில் பெரும்பாலும் இங்கிலீஷ் சின்ன 'இ'யைத் தலைகீழாகக் கவிழ்த்த ஒரு குறி இருக்கும், இங்கிலீஷில் அதிகமாக வருகிற உயிரொலி அதுதான். டாக்டரின் இரண்டாவது அசையில், 'பனானா'வின் முதலிலும் கடைசியிலும் அதுதான். வாயை அகலத் திறக்காமல், உதட்டைக் குவிக்காமல், சோம்பேறித்தனமாக ஒரு ஒலி. நம் 'காது', 'பாக்கு' எல்லாவற்றின் கடைசியில் தேய்ந்து வருகிற குற்றியலுகரத்துக்கு அது தூரத்துச் சொந்தம் என்று சொன்னதும் அவளுக்குச் சட்டென்று பிடித்துக்கொண்டது.

சரி, அகராதியிலும் ஓட்டை உண்டு. சொல்லின் முதலில் வரும் ப, ட, க ஒலிகளை இங்கிலீஷ்காரர்கள் ஒரு மூச்சு ஊதித்தான் சொல்லுவார்கள், அந்த ஊதலைச் சாதாரண அகராதிகள் காட்டுவதில்லை. பேரிக்காய்க்கான இங்கிலீஷ் சொல்லை (தமிழில் எழுதினால் இரண்டும் 'பேர்'தான்) நாம் ஊதாமல் சொன்னால் அவர்கள் காதில் கரடி விழுகிறது. அல்வா பொட்டலத்தின் பட்டர் பேப்பரில் ஒரு துண்டு கிழித்து உதட்டுக்கு நேரே பிடிக்கச் சொன்னேன், பேரிக்காய்க்குத் தாள் ஆட வேண்டும், கரடிக்கு ஆடக் கூடாது. ட-வும் அப்படித்தான். நாம் நாக்கை மடித்து அண்ணத்தில் முட்டுகிறோம், அவர்கள் மேற்பல்லுக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் தொட்டு எடுக்கிறார்கள். ஈழத்துக்காரர்கள் 'ரொறன்ரோ' என்று எழுதுவதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம், ஆனால் அந்த 'ன்ர'வின் இடம் நம் 'டொரண்டோ'வின் 'ண்ட'வைவிட இங்கிலீஷுக்குக் கிட்ட இருக்கிறது.

மூன்றாவது, போனைக் காதில் வைத்துக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்வது. "குழந்தை எப்படிப் பேசப் பழகுது? கேட்டுத்தானே?" என்று எல்லாரும் சொல்கிற வழி. தாளம், சொல்லும் சொல்லும் ஒட்டிக்கொள்வது, ஊதல் எல்லாம் இதில் வரும், மற்ற இரண்டிலும் வராது. ஆனால் இருபது வயதுக்கு மேல் காது தனக்குத் தெரிந்ததை மட்டுமே கேட்கிறது. நம் ஊர்ப் பக்கம் 'வாளப்பளம்' என்று சொல்லிவிட்டு, வாழைப்பழம் என்று சொன்னதாகச் சத்தியம் பண்ணுகிறவர்களைத் தெரியாதா? அதே கதைதான் அவளுக்கு 'வார்டு', 'வெயின்' இரண்டின் முதல் ஒலியிலும். ஆஸ்பத்திரி அறைக்கு உதடு குவிய வேண்டும், நரம்பில் ஊசி ஏற்றுகிற அந்த ரத்தக்குழாய்க்கு மேற்பல் கீழுதட்டில் பட வேண்டும். முப்பது தடவை கேட்டுவிட்டு "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு சித்தப்பா" என்றாள். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்கவில்லை.

அங்கே காப்பாற்றியது தொல்காப்பியம் என்றால் சிரிப்பீர்கள். பிறப்பியலில் ஒவ்வொரு எழுத்துக்கும் நாக்கு எங்கே, பல் எங்கே, இதழ் எங்கே என்று சொல்லியிருக்கிறது, வகாரம் பல்லும் இதழும் இயையப் பிறக்கும் என்று. ரத்தக்குழாய்க்கு வேண்டியது அச்சாக அதுதான்! இன்றைக்கு நாம் வகரத்தைப் பல்லும் படாமல் உதடும் குவியாமல் நடுவில் எங்கேயோ விட்டுவிடுகிறோம். கண்ணாடியைக் கையில் கொடுத்து, பல்லை வை என்றேன், பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. வாய் பழகின பிறகு, இரண்டு நாள் கழித்து, காதும் வித்தியாசத்தைக் கேட்க ஆரம்பித்தது. 'அது' என்று சாதாரணமாகப் பேசும்போது நடுவில் வருகிற இளகின த-வைச் சொல்லின் முதலுக்கு நகர்த்தச் சொன்னதும் 'திஸ்', 'தட்' இரண்டும் அநேகமாகச் சரியாகிவிட்டன.

போனை நான் வாத்தியாராக வைப்பதைவிட நீதிபதியாக வைப்பேன். பேசினால் எழுதிக் காட்டுமே, அதில் ஒற்றைச் சொல்லாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். முழு வாக்கியமாகச் சொன்னால் அது முன்பின் சொற்களை வைத்து ஊகித்து நம் தப்பை மறைத்துவிடும், பேரிக்காய் தின்றேன் என்றால் கரடியாகச் சொன்னாலும் பேரிக்காய் என்றே எழுதும்.

ஆக அவளுக்குச் சொன்னது: கைடை ஊமை எழுத்துகளுக்கு மட்டும் புரட்டு. அகராதியில் முதலில் அந்தச் செங்குத்துக் கோடு, அப்புறம் கவிழ்ந்த குறி, அப்புறம் வகர இரட்டை, மற்றதெல்லாம் மெதுவாக. கண்ணாடி முன்னால் வாய்க்கு வந்த பிறகுதான் போன். தினமும் இருபது நிமிடம், ஆஸ்பத்திரியில் புழங்குகிற சொற்களை மட்டும் வைத்து.

போன வாரம் வந்தாள். வெயின் சரியாக எழுதியது, வார்டும் எழுதியது. பேரிக்காய்க்கு நாலு தடவையில் ஒரு தடவை இன்னும் கரடிதான் வருகிறது. "தாளு ஆடுது சித்தப்பா, போன்தான் சரியில்லை" என்கிறாள்.