மானியத்தில் வந்த பம்ப்: ஏழு ஆண்டுகளுக்குப் பின்

எங்கள் தன்னார்வத் தீயணைப்புக் குழுவின் பம்ப் பழுது நீங்கி வந்த அன்றே, வேறொரு குழுவைச் சேர்ந்த நண்பர் அழைத்து, அதே பம்பை அரசு மானியத்தில் தங்களுக்கும் தருவதாகக் கடிதம் வந்திருக்கிறது, வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்று சட்டெனச் சொல்லிவிட்டேன். அது கோபத்தில் சொன்ன பதில் என்பதால், சற்று நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

பம்பின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. 3 மீட்டர் ஆழத்துத் தண்ணீரை இழுத்து, 10 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 1,000 லிட்டர் தரும் என்று அதன் தகட்டில் இருப்பது வெறும் எழுத்தல்ல. வண்டி போகாத குளக்கரைக்கு நால்வர் தூக்கிச் சென்று இறக்கி வைத்தால், இரண்டாவது இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை ஓட்டி, பழைய பெட்ரோலை வடித்துவிட்டால் கார்புரேட்டரும் தொல்லை தருவதில்லை. ஒரு வெள்ளத்தின்போது இரவு முழுவதும் நிற்காமல் ஓடியதைக் கண்ணால் பார்த்தவன் நான். (அரசின் கொடை என்று அறிவிக்கும் பலகையை, பம்பை இயக்கும் வழிமுறை அச்சிட்ட இடத்தின் மேலேயே திருகி வைத்திருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.)

என் பேச்செல்லாம் தண்ணீர் கசியாமலும் காற்று புகாமலும் அடைக்கும் ஒரே ஒரு ‘சீல்’ பற்றியது. பம்பின் தண்டு உறைக்குள் நுழையும் இடத்தில், மெருகேற்றிய இரண்டு வளையங்கள் மெல்லிய நீர்ப்படலத்தின் மேல் ஒன்றையொன்று உரசிச் சுழல்கின்றன. தண்ணீரில்லாமல் சில நிமிடங்கள் ஓடினால் அவை கருகும். மணல் கலந்த வெள்ளநீர் அவற்றைக் கீறும். தேய்வதற்கென்றே செய்த பாகம் அது. தேய்ந்ததில் யாருக்கும் குற்றமில்லை. அது தேய்ந்துவிட்டதா என்று பார்க்க, பம்பின் எல்லா வாய்களையும் மூடி, உள்ளிருக்கும் காற்றை 0.8 பார் வெற்றிடம் வரும்வரை இழுத்து நிறுத்தினால், ஒரு நிமிடத்தில் அழுத்தமானியின் முள் 0.1 பாருக்கு மேல் இறங்கக் கூடாது. எங்கள் பம்பில் நான் முப்பது எண்ணி முடிப்பதற்குள் அது பாதிக்கு வந்துவிட்டது. தண்ணீரை மேலே தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம்தான் என்பதால், உறைக்குள் வெற்றிடம் நிற்காத பம்ப் எத்தனை புதிதாகப் பளபளத்தாலும் குளத்தங்கரையில் வெறும் இரைச்சல்தான்.

உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சீலுக்குப் பணம் கேட்டு எழுதினோம். மானியம் மூலதனச் செலவுக்கு மட்டுமே உரியது, பராமரிப்புக்கு இத்திட்டத்தில் செலவுத் தலைப்பில்லை என்றும், பம்ப் பழுது பார்க்க இயலாத நிலையை அடைந்திருந்தால் அதற்கான சான்றுடன் புதிய பம்புக்கு விண்ணப்பிக்கலாம் என்றும் பதில் வந்தது. நாங்களே மாற்றிக்கொள்கிறோம் என்றதற்கு, அரசின் சொத்தை வெளி ஆளிடம் பிரிக்கக் கொடுக்க முன் அனுமதி வேண்டும் என்றார்கள். அனுமதி வர ஐந்து மாதங்கள் ஆயின. அதற்குள் இரண்டு அழைப்புகள் வந்தன. இரண்டு முறையும் ஹோஸைக் கையில் பிடித்தபடி பக்கத்துக் குழுவின் பம்புக்காகக் காத்து நின்றோம். கடைசியில் உறுப்பினர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சீலை வாங்கினோம்.

அலுவலகத்தில் இருப்பவர்களைத் தனித்தனியாகக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஒருமுறை கொடுத்து, எண்ணி, படம் பிடித்து, கணக்கை மூடுவது எளிது. ஆண்டுதோறும் சீலுக்கும் எண்ணெய்க்கும் ரசீது பார்ப்பது தொல்லை. மானியம் இல்லையென்றால் இந்த விலையில் ஒரு பம்பை எங்கள் குழு கனவிலும் வாங்கியிருக்காது என்பதும் உண்மை.

இத்தனையும் எழுதிய பிறகும் நண்பருக்கு என் பதில் மாறவில்லை: பராமரிப்புக்கென்று ஒரு வரியாவது கடிதத்தில் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். நாங்கள் மட்டும் இந்த ஆண்டு இரண்டாவது பம்புக்கு விண்ணப்பித்திருக்கிறோம். புதிய பம்புடன் வரும் உதிரிப் பெட்டியில் இரண்டு சீல்கள் இருக்குமாம்.