செட்டிநாட்டில் மனைத் தரகு தொடங்க மூன்று வழிகள்: எது எதைக் கற்றுத் தருகிறது?

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர்ப் பக்கம் நிலமும் வீடும் வாங்கி விற்றுக் கொடுக்கும் தொழிலுக்கு இன்று வர நினைக்கும் ஒருவர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. மனைப்பிரிவு போடும் நிறுவனத்திலோ, பதிவு பெற்ற முகவர் நிறுவனத்திலோ விற்பனை ஆளாகச் சேர்வது முதல் வழி. பேச்சில் ரெரா என்று நாம் சொல்லும் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் தம் பெயரிலேயே முகவராகப் பதிவு செய்துகொண்டு சொந்த அலுவலகம் திறப்பது இரண்டாவது. தொழிலில் ஊறிய பழைய தரகர் ஒருவருடன் நடந்து, பழைய வீடு, தோட்டம், புஞ்சை என்று மறுவிற்பனைச் சொத்துகளில் பழகுவது மூன்றாவது. இம்மூன்றையும் ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் கமிஷன் எவ்வளவு என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். செட்டிநாட்டில் தரகருக்குச் சோறு போடுவது பத்திரம் படிக்கத் தெரிவதுதான் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே எந்த வழி அதைக் கற்றுத் தருகிறது என்பதையே முதல் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்.

முதலில் சட்டத்தின் எல்லையைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளையும் எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட அடுக்ககங்களையும் விற்பனைக்கு முன் ஆணையத்தில் பதிவு செய்யச் சொல்கிறது. அப்படிப் பதிவான திட்டத்தில் மனையோ வீடோ விற்க உதவுபவர், தரகர், இடைத்தரகர் என எப்பெயரில் அழைக்கப்பட்டாலும், முகவராகப் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்கிறது அதன் 9ஆவது பிரிவு. மீறினால் மீறல் நீடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 10,000 ரூபாய் அபராதம். அது விற்க உதவிய சொத்தின் மதிப்பில் 5 விழுக்காடு வரை போகலாம். பங்காளிகள் சேர்ந்து விற்கும் பூர்வீக வீட்டையோ, ஒரு விவசாயி இன்னொரு விவசாயிக்கு விற்கும் புஞ்சையையோ முடித்துக் கொடுப்பதற்கு இந்தப் பதிவு தேவையில்லை. இந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்று தெரியாததால், தேவையில்லாத இடத்தில் பயப்படுபவர்களும் உண்டு. தேவையான இடத்தில் துணிச்சலாக நடந்து மாட்டிக்கொள்பவர்களும் உண்டு.

நிறுவனத்தில் சேர்வதன் நன்மை, கையிலிருந்து முதல் போட வேண்டியதில்லை என்பது. மனைப்பிரிவு தயாராக இருக்கும். வரைபடம், நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம், ரெரா எண் எல்லாவற்றையும் நிறுவனமே வைத்திருக்கும். ஆட்களை அழைத்து வந்து இடத்தைக் காட்டி அட்வான்ஸ் கொடுக்க வைப்பதுதான் வேலை. 2024இல் காரைக்குடி மாநகராட்சியானது முதல் நகரைச் சுற்றிய ஊர்களிலும் மனை பற்றிய பேச்சு கூடியிருப்பதால் கேட்டு வருபவர்களுக்கும் குறைவில்லை. ஆனால் இந்த வேலை ஒருவருக்கு விற்கக் கற்றுத் தருகிறதே தவிரச் சொத்தை ஆராயக் கற்றுத் தருவதில்லை. சொத்தின் முந்தைய உரிமையைக் காட்டும் தாய்ப் பத்திரம் வழக்கறிஞரிடமும், அதன் மேல் பதிவான பரிமாற்றங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று அலுவலகக் கோப்பிலும் இருக்க, விற்பனை ஆளின் கையில் வண்ணத் துண்டறிக்கை மட்டுமே இருக்கும். மேலும், பதிவு எண் நிறுவனத்தின் எண். அங்கிருந்து விலகும் நாளில் அது உடன் வராது. மாதச் சம்பளம் இல்லாமல், விற்றால் மட்டும் கமிஷன் என்று சேர்பவர்களுக்கு முதல் ஆறு மாதம் பெட்ரோல் செலவே கண்ணைக் கட்டும் என்பதையும், அக்காலத்தில் அவர்கள் முதலில் அணுகுவது சொந்தக்காரர்களையும் பள்ளித் தோழர்களையும்தான் என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த மனையில் பின்னாளில் சிக்கல் வந்தால், ஊருக்குள் பதில் சொல்ல வேண்டியவர் அவரே.

சொந்தப் பதிவைப் பற்றி நிலவும் அச்சம் மிகையானது. விண்ணப்பம் இணையவழியில் நடக்கிறது. பான் அட்டை, முகவரிச் சான்று, புகைப்படம், வருமான வரிக் கணக்கு விவரம், கட்டணம் ஆகியவையே அடிப்படை. தனிநபருக்கான கட்டணம் நிறுவனத்துக்கானதைவிடக் குறைவு. பெற்ற பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஒரே பதிவு மாநிலம் முழுவதற்கும் பொருந்தும் என்பதால், சிவகங்கை மாவட்டத்தில் அலுவலகம் வைத்திருப்பவர் புதுக்கோட்டை மாவட்டத்து இராயவரத்திலோ பொன்னமராவதியிலோ உள்ள திட்டத்தையும் விற்கலாம். செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் பரவிக் கிடப்பதால் இது நமக்குச் சிறிய வசதியல்ல. மகாராஷ்டிரத்தில் 2023 முதல் முகவர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் கட்டாயம். மத்தியச் சட்டமோ கல்வித் தகுதியையும் தேர்வையும் கேட்பதில்லை. இந்த எளிமையே இவ்வழியின் குறையும் ஆகும். சான்றிதழ் கையில் இருப்பதாலேயே ஒருவருக்குக் கிராமத்து நிலங்களின் விவரம் அடங்கிய அ-பதிவேடும் நில வரைபடமும் படிக்கத் தெரிந்துவிடாது. கடமைகளோ உடனே தொடங்கிவிடுகின்றன: தாம் முடித்த ஒவ்வொரு விற்பனையிலும் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும், கணக்கேடுகளையும் ஆவணங்களையும் பேண வேண்டும், பதிவாகாத திட்டத்தை விற்க உதவக் கூடாது, இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்லக் கூடாது. பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் மனைப்பிரிவுக்காரர் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்ற விதியை வாங்குபவருக்கு எடுத்துச் சொல்வதும் நேர்மையான முகவரின் வேலை என்றே நான் கருதுகிறேன்.

மூன்றாவது வழிதான் இந்த மண்ணுக்கே உரியது. கொள்ளுப்பாட்டனார் கட்டிய, ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்கட்டும் உள்ள வீடு ஒன்று விற்பனைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்முற்றமான வளவைச் சுற்றிய அறைகள் பிள்ளைக்கு ஒன்று என்று பிரிந்து, நான்கு தலைமுறையில் அவ்வீட்டுக்கு இருபது முப்பது பங்குகள் ஆகியிருக்கும். பங்குதாரர்களில் சிலர் சென்னையில், சிலர் கோயம்புத்தூரில், சிலர் மலேசியாவில். ஒரு கிளையில் பிள்ளை கூட்டியிருப்பார்கள், அதாவது தத்தெடுத்திருப்பார்கள். அந்தச் சுவீகாரத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்னொரு கிளையில் மகள்களின் கையெழுத்து வாங்காமலே பாகப்பிரிவினை எழுதியிருப்பார்கள். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், தமிழ்நாட்டின் 1989ஆம் ஆண்டுத் திருத்தம், மத்திய அரசின் 2005ஆம் ஆண்டுத் திருத்தம், உச்ச நீதிமன்றத்தின் 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஆகியவற்றுக்குப் பிறகு மகள்களின் பங்கை ஒதுக்கிவிட்டு எந்தப் பூர்வீக வீட்டையும் நிம்மதியாக விற்க முடியாது. தம் சார்பில் கையெழுத்திட இன்னொருவரை நியமித்து வெளிநாட்டுப் பங்குதாரர் அனுப்பும் அதிகாரப் பத்திரம் அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ நோட்டரியிடமோ சான்று பெற்றிருக்க வேண்டும்; இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். இவற்றோடு, யாரிடம் முதலில் பேச வேண்டும் என்ற முறையும் இருக்கிறது. விலையோடு போய் நிற்கும் புதிய தரகரிடம், "விலை அப்புறம் இருக்கட்டும் தம்பி, பெரிய வீட்டு அண்ணன்ட்ட பேசிட்டீங்களா?" என்று ஓர் ஆச்சி கேட்டால், அக்கேள்விக்குப் பதில் வைத்திருப்பவரே அவ்வீட்டின் வாசலைத் தாண்டுவார். பழைய தரகரோடு நடப்பவர் இதையெல்லாம் ஒரே ஆண்டில் கண்ணால் பார்த்துவிடுகிறார்.

நிலத்திலும் அப்படியே. ஊருணிக்கு வரத்துக்கால் எந்தப் பக்கமாக வருகிறது, எந்தப் புஞ்சை கண்மாய்ப் புறம்போக்கை ஒட்டியிருக்கிறது, எந்த நிலம் கோயில் கட்டளைக்கு எழுதி வைக்கப்பட்டது என்பவை கணினியில் பட்டா எடுப்பதால் மட்டும் விளங்கிவிடுவதில்லை. அறநிலையத் துறைச் சட்டத்துக்கு உட்பட்ட கோயிலின் நிலத்தை ஆணையரின் அனுமதியின்றி விற்க முடியாது. அங்கீகாரமில்லாத மனைகளிலோ 2016 அக்டோபர் 20 என்ற தேதிதான் வரம்பு. அதற்கு முன் பதிவான மனையா, பின்னரா என்பதைப் பொறுத்தே வரன்முறைக்கு, அதாவது பின்னர் முறைப்படுத்தி அங்கீகாரம் பெறுவதற்கு, வழி உண்டா என்பது முடிவாகும். இத்தகைய அறிவைத் தரும் மூன்றாவது வழிக்கும் குறைகள் இல்லாமல் இல்லை. கமிஷன் பெரும்பாலும் வாய்ப்பேச்சில் நிற்பதால், பத்திரம் முடிந்த மாலையில் பேசிய தொகை சுருங்கிப் போவது உண்டு. இரண்டு வரியாவது எழுதி இரு தரப்பிடமும் கையெழுத்து வாங்கும் பழக்கத்தைப் புதியவரே கொண்டுவர வேண்டும். ஒரு வீடு முடிய இரண்டு மூன்று ஆண்டுகள்கூட ஆகலாம். தேக்குக்கும் தூணுக்குமாக வீட்டையே இடித்து எடுக்க வரும் வியாபாரி விரைவாகப் பணம் தருகிறார். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் நிற்கும் நிலைகளும் கதவுகளும் அப்படி வந்தவைதாம். வீட்டை வீடாகவே வைத்துக்கொள்ளும் ஒருவரைத் தேடக் கூடுதலாக ஆறு மாதம் பொறுக்கும்படி பங்காளிகளிடம் எடுத்துச் சொல்லும் தரகரையே நான் மதிக்கிறேன்.

வரியைப் பொறுத்தவரை வேறுபாடு குறைவு. நிறுவனம் தரும் கமிஷன் ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 2 விழுக்காடு பிடித்தம் செய்யப்படும்; சொந்தமாக நடத்துபவரின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், கமிஷனுக்கு 18 விழுக்காடு வரி உண்டு.

ஆகவே, கையில் ஓராண்டுச் செலவுக்காவது பணம் உள்ளவர் மூன்றாவது வழியில் தொடங்கி, ஓராண்டு முடிவதற்குள் இரண்டாவது வழிக்கு வருவதே சரி என்பது என் தீர்ப்பு. மாத வருமானம் இல்லாமல் முடியாது என்பவர் நிறுவனத்தில் சேரலாம்; ஆனால் சம்பளம் உறுதியாகத் தரும் இடத்தில் மட்டும் சேர்ந்து, தாம் விற்கும் ஒவ்வொரு மனையின் தாய்ப் பத்திரத்தையும் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். மூன்றாவது வழியில் இருக்கும்போதே யாராவது மனைப்பிரிவு ஒன்றுக்கு ஆள் கேட்டால், பதிவு எண் வரும் வரை அதில் ஒரு ரூபாயும் கமிஷன் வாங்கக் கூடாது. பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன், தம் சொந்த வீட்டின் வில்லங்கச் சான்றையும் தாய்ப் பத்திரத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, யாரிடமிருந்து யாருக்கு, எந்த ஆண்டில், என்ன உரிமையில் வந்தது என்று யார் உதவியுமின்றி ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும்; எந்த இடத்தில் எழுத முடியாமல் நிற்கிறாரோ, அதைப் பழைய தரகரிடம் கேட்டுத் தெளிந்த பிறகு கட்டணத்தைச் செலுத்தட்டும்.