ஓய்வுபெற்ற கண்ணிவாரி: கடல் கெடுக்காததை ஆணி கெடுக்கும்

கண்ணிவெடி என்றால் மட்டக்களப்பில் நமக்குத் தரைதான் ஞாபகம் வரும். கடலில் அதை வாரியவற்றில் பல மரக்கப்பல்கள். இரும்புடம்பு கிட்டப் போனால் காந்தக் கண்ணி வெடித்துவிடும். இரண்டாம் உலகப்போர்க்கால அமெரிக்க வகை 136 அடி நீளம், டீசல் எஞ்சின் இரண்டு. போர் முடிந்ததும் பல உல்லாசப் படகாகவும் பயணிகள் படகாகவும் மாறின. 1942இல் நீரில் இறக்கிய, பின்னாளில் பிரெஞ்சுக் கடலாய்வாளர் கூஸ்தோவின் கப்பலான 'கலிப்சோ'வும் இந்த இனம்தான். இடையில் மால்டாவுக்கும் பக்கத்துத் தீவான கோசோவுக்கும் ஆள் ஏற்றித் திரிந்தது.

இப்படி ஒன்றை வாங்கிப் பராமரிக்க நினைப்பவருக்குச் சில குறிப்புகள். பலகை நன்றாக உழைக்கும். சிக்கல் எல்லாம் பிறகு பூட்டிய சாமானில். வெண்கல ஆணிக்குப் பக்கத்தில் யாரோ கல்வனைஸ் (துத்தநாகம் பூசிய இரும்பு) போல்ட் போட்டிருப்பார்கள். உப்புநீரில் முதலில் கரைவது அதுதான். துரு இறங்கிச் சுற்றுமரம் கறுத்து நார்நாராகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் தப்பாது. ஈரப்பலகைக்குள் காற்றுப் படாமல் தண்டு அரித்துப்போக, தலை மட்டும் பளபளக்கும். ஏழெட்டுப் போல்ட்டைக் கழற்றிப் பார்க்காமல் விலை பேசவே வேண்டாம்.

இரும்புக் கப்பலுக்குப் போல, அரிப்பைத் தான் வாங்கி மற்ற உலோகத்தைக் காக்கும் துத்தநாகக் கட்டியை அள்ளிப் பூட்டுவதும் பிழை. அது மிஞ்சினால் வெண்கலத்தைச் சுற்றிக் காரம் ஊறி, வெள்ளைப் பொடி பூத்து, நகத்தால் அழுத்தினாலே மரம் அமுங்கும். கட்டியைக் குறையுங்கள், பொடியை வினாகிரி கலந்த நீரால் கழுவுங்கள்.

உக்கல் வருவது மழைநீரால். மாரிக்கு முன்பே மேல்தட்டு இடுக்கைச் சுரண்டி, முதலில் பஞ்சுத்திரி, மேலே தார்ச்சணல், கடைசியில் மக்கு. அடிப்பலகை காய்ந்திருக்கும்போது மட்டும் இறுக்கி அடிக்காதீர்கள்: நீரில் இறங்கிப் பலகை ஊதும்போது இடம் இல்லாவிட்டால் ஆணியே அறுந்துவிடும். இறக்கிய முதல் இரண்டு மூன்று நாள் தண்ணீர் கசியும். இரண்டு பம்ப் வேண்டும், இரவில் ஆளும் வேண்டும்.

அடிப்பெயின்ட் ஒரு கீறல் விட்டாலும் மரம் துளைக்கும் கப்பல்புழு நுழையும். வெளியே குண்டூசித்தலை அளவு ஓட்டை, உள்ளே விரல் தடிப்பில் சுரங்கம். சுத்தியலால் தட்டினால் சத்தம் மழுங்கும் இடத்தில் சந்தேகப்படலாம்.

எரிபொருளைப் பற்றிப் பேசாமல் விடலாம். பாதி இழுவையிலேயே மணிக்கு 100 லீற்றரைத் தாண்டும்.

கரையேற்றினால் கச்சான் காற்றுக்குப் பயப்படுங்கள். ஒரு கிழமையிலேயே பலகை சுருங்கி, இடுக்கில் வெளிச்சம் தெரியும். வெயில் பக்கத்துக்கு நனைத்த சாக்கு, காலையும் மாலையும் உப்புத்தண்ணீர்.