ராயபுரம் காற்றில் இரண்டரை வருடம் ஓடிய ஏர்பிரஷ் கம்ப்ரெஸர்

பெரம்பூரில் இருக்கும் நண்பர் போன வாரம் போன் செய்தார். "அண்ணே, நீங்க வெச்சிருக்கீங்களே அந்தக் கம்ப்ரெஸர், இப்போ ரெண்டாயிரம் ரூபா குறைஞ்சிருக்கு. வாங்கிடலாமா?" அவர் இப்போதுதான் மினியேச்சர் படைவீரர்களுக்கு வண்ணம் தீட்ட ஆரம்பித்திருக்கிறார். கேட்ட நேரம்தான் சரியில்லை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அதே மெஷின் என்னுடைய 12 சிப்பாய்களின் முகத்தில் தண்ணீரைத் துப்பியிருந்தது. கோபத்தில் ஏதோ சொல்லி போனை வைத்துவிட்டேன். அவருக்கு நியாயமான பதில் ஒன்று பாக்கி இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

மெஷினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏர்பிரஷ் என்பது வண்ணத்தைக் காற்றோடு சேர்த்துத் தூவலாக ஊதும் பேனா மாதிரியான கருவி. அதற்குக் காற்றை அழுத்திக் கொடுப்பதுதான் இந்தக் கம்ப்ரெஸர். சின்ன பிஸ்டன், கீழே 3 லிட்டர் டேங்க், அழுத்தம் 3 பாருக்கு (1 பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) இறங்கினால் தானாக ஓடி 4 பாரில் நின்றுவிடும் வகை. ஒரே சரக்கைப் பல பெயர் ஒட்டி விற்கிறார்கள். சத்தம் குறைவு. இரவு 10 மணிக்கு ஓட்டினாலும் பக்கத்துப் போர்ஷனில் இதுவரை யாரும் கதவைத் தட்டியதில்லை.

நான் எதற்குப் பயன்படுத்துகிறேன் என்று சொன்னால்தான் என் கோபம் புரியும். மூன்று வருடமாக ஒரே ஒரு வேலையில் இருக்கிறேன்: 1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டைச் சிப்பாய்க் கிளர்ச்சி. 28 மில்லிமீட்டர் அளவில் மெட்ராஸ் ராணுவச் சிப்பாய்கள். இதுவரை 64 பேர் முடிந்திருக்கிறார்கள். சிவப்புக் கோட்டு, முழங்காலுக்கு மேலே நிற்கும் வெள்ளைக் கால்சட்டை, குறுக்கே வெள்ளைத் தோல்வார். தலைக்குப் பழைய தலைப்பாகைதான். தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகையைக் கட்டச் சொன்னதும், நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது, கடுக்கன் கூடாது என்று 1805 நவம்பரில் உத்தரவு போட்டதும்தான் அந்தக் கிளர்ச்சிக்கு மூலம். அதை எதிர்த்த சிப்பாய்கள் சிலரை 1806 மே மாதம் வேலூரிலிருந்து இங்கே சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு அனுப்பினார்கள். ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் தலா 90 கசையடி கொடுத்து வேலையை விட்டும் நீக்கினார்கள். ராயபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் அந்தக் கோட்டை வாசல். எத்தனையோ தடவை அதைத் தாண்டி வந்திருக்கிறேன், இந்தக் கதை தெரியாமலே.

அதனால் என் சிப்பாய்களுக்கு நெற்றிதான் முக்கியம். முகமே பச்சைப்பயறு அளவு. அதில் நாமம் போட வேண்டும், விபூதிக் கீற்று போட வேண்டும், சிலருக்குத் தாடி விட வேண்டும், காதில் ஒரு மஞ்சள் புள்ளி வைக்க வேண்டும். ஒரு நாமத்துக்கு மூச்சை மூன்று தடவையாவது அடக்குகிறேன். பாட்டிலில் வரும் தோல் நிறம் வெள்ளைக்காரனுக்குச் சரி, நம் ஆட்களுக்கு உதவாது. அடர் பழுப்பில் துளி சிவப்பும் துளி மஞ்சளும் கலந்து நானே ஒரு நிறம் பிடித்து வைத்திருக்கிறேன். வேலூரில் வெயிலில் நின்றவர்கள் என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இதெல்லாம் பிரஷ் வேலை. மெஷினின் வேலை அதற்கு முன்னாலும் பின்னாலும். முன்னால் பிரைமர் என்கிற அடிப்பூச்சு, கோட்டின் சிவப்பு. பின்னால் மேட் வார்னிஷ், அதாவது வண்ணத்தைக் காக்கும் பளபளப்பில்லாத மேல்பூச்சு.

முன்னால் வரும் வேலையில் இதற்கு ஈடில்லை. முதலில் முழுக்கக் கறுப்பு பிரைமர். காய்ந்ததும், தலைக்கு மேலே சூரியன் இருப்பது போல மேலிருந்து மட்டும் வெள்ளை. அதற்கு மேல் மெல்லிய சிவப்பு. சிவப்பு சரியாக மூடாத நிறம். பிரஷ்ஷில் போட்டால் நாலு பூச்சு ஏறி மடிப்பெல்லாம் அடைத்துக்கொள்ளும். ஏர்பிரஷ்ஷில் 1 பாருக்குக் கொஞ்சம் மேலே அழுத்தம் வைத்து ஊதும்போது, மூடாத அந்தக் குணமே நமக்கு லாபம். அடியில் இருக்கும் கறுப்பும் வெள்ளையும் தெரிந்து, முழங்கை மடிப்பு இருட்டாகவும் தோள் வெளிச்சமாகவும் தானாக வந்துவிடுகிறது. செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கும் பழைய சீருடைகளின் மங்கலான கம்பளிச் சிவப்பு எனக்குப் பிரஷ்ஷில் ஒரு தடவைகூட வாய்த்ததில்லை. இதில் முதல் நாளே வாய்த்தது. 30 பேருக்குப் பிரைமர் போட முன்பு மூன்று மாலை ஆகும். இப்போது ஒரு காபி ஆறும் நேரம்.

சரி, தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் மழைக்காலத்திலேயே ஊதுகிற வண்ணத்துக்கு நடுவில் சின்னச் சின்னப் பொட்டுகள் விழ ஆரம்பித்தன. வண்ணத்தைத் தப்பாகக் கரைத்துவிட்டேனோ என்று ஒரு மாதம் மாற்றி மாற்றிக் கரைத்தேன். ஏர்பிரஷ்ஷின் ஊசியைக் கழற்றிக் கழுவினேன். வண்ணம் வெளியே வரும் முனையான நாசிலையும் புதிதாக வாங்கினேன். காரணம் அது எதுவுமே இல்லை. 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கிறது. அதை வெளிக்காற்றை விட 4 பார் கூடுதலாக அழுத்தினால் காற்று ஐந்தில் ஒரு பங்கு இடத்துக்குள் அடங்கிவிடும். பழைய சூட்டுக்கு ஆறிய பிறகு அந்த இடத்தில் 6 கிராம் ஆவிதான் நிற்க முடியும். மிச்சம் 18 கிராம் தண்ணீராகியே தீரும். நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கும் மோட்டார் 50 நிமிடம் ஓடினால் ஒரு கன மீட்டர் ஆகிவிடுகிறது. அதாவது ஒரு சாயங்கால வேலைக்கு மூன்றரை டீஸ்பூன் தண்ணீர். வறண்ட ஊரில் இருப்பவர்கள் இந்த மெஷினை ஆஹா ஓஹோ என்று எழுதுவதில் பொய் இல்லை. அவர்கள் ஊர்க் காற்று வேறு, காசிமேட்டுக் கடலோரக் காற்று வேறு.

தண்ணீரைப் பிடிக்கத்தான் மெஷினிலேயே ஒரு கண்ணாடிக் கிண்ண வடிகட்டி இருக்கிறதே என்று கேட்பீர்கள். எனக்கு எரிச்சல் வருவதே அங்கேதான். அது டேங்குக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்தில் காற்று இன்னும் சூடாக இருக்கிறது. சூடான காற்றிலிருந்து தண்ணீர் முழுதாகப் பிரியாது. வடிகட்டியைத் தாண்டி, ஏர்பிரஷ்ஷுக்குக் காற்று போகும் ஹோஸுக்குள் போய், அங்கே ஆறி, அங்கே சொட்டாகி, நேராக சிப்பாய் மேல் வந்து விழுகிறது. கிண்ணம் சுத்தமாகக் காய்ந்திருக்கும், ஹோஸ் நனைந்திருக்கும். இரண்டு வருடம் அந்தக் கிண்ணத்தை நம்பினேன். டேங்குக்கு அடியில் தண்ணீரை வடிக்க ஒரு திருகு இருப்பதையும், ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் அதைத் திறக்க வேண்டும் என்பதையும் கூடவே வந்த ஒற்றைக் காகிதம் சொல்லவில்லை.

போன மாதம் மெஷின் நின்றதும் ஆறு நிமிடத்துக்குள் முள் பூஜ்யத்துக்கு இறங்க ஆரம்பித்தது. ஸ்விட்ச் பக்கம் உஸ் என்று ஒரு சத்தம். டி.எச். ரோட்டில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கும் ஒருவரிடம் எடுத்துப்போனேன். முதலில் அடித்திருகைத் திறந்தார். டீ டிகாஷன் நிறத்தில் ஒரு டம்ளர் துருத்தண்ணீர் கடைத் தரையில் ஓடியது. துருச் செதில் ஒன்று காற்று திரும்பி வராமல் தடுக்கும் வால்வில் போய் மாட்டியிருந்தது. வால்வை மாற்றி, டேங்கை இரண்டு தடவை அலசி, 350 ரூபாய் வாங்கினார். "சார், மிஷினு நல்லாத்தான் கீது. காத்துதான் ஈரமா கீது. டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவுல காப்பர் பைப்ப சுத்தி, பக்கெட் தண்ணில போட்டு வுடுங்க. காத்து ஆறி வந்தா தண்ணி அங்கயே நின்னுடும்" என்றார். இரண்டு வருடம் நான் படித்த எந்த ரிவ்யூவிலும் இல்லாத ஒரு வரி.

உடனே செய்திருக்க வேண்டும். பைப் வாங்க நேரம் கிடைக்கவில்லை. வால்வு புதிது, டேங்க் சுத்தம் என்ற தைரியத்தில் அந்த ஞாயிறு மாலை 4 மணிக்கு, கடல்காற்று நன்றாக ஏறிவிட்ட பிறகு, 12 பேரை வரிசையாக நிறுத்தி வார்னிஷ் ஊதினேன். கிண்ணத்தைத் துடைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். முக்கால் மணி நேரம் ஒழுங்காகப் போனது. அப்புறம் ஹோஸ் ஒரு தடவை இருமியது. ஈரமாக இருந்த வார்னிஷ் மேல் தண்ணீர் தெறித்து, பால் திரிந்த மாதிரி வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது. நெற்றியில் நாமம் எது, கறை எது என்று தெரியவில்லை. ஐந்து வார வேலை.

ஒன்பது பேரைக் காப்பாற்றிவிட்டேன். பூத்த இடத்தில் பளபளப்பான கிளாஸ் (gloss) வார்னிஷை பிரஷ்ஷால் மெல்லியதாகப் பூசினால் வெள்ளை தெளிந்துவிடுகிறது. காய்ந்ததும் அதன் மேல் மேட் வார்னிஷ், அதையும் பிரஷ்ஷாலேயே. இப்படி மாட்டிக்கொள்கிறவர்கள் சுரண்டுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

அடுத்த நாளே செம்புதாஸ் தெருவுக்குப் போய் 3 மீட்டர் காப்பர் பைப்பும் இணைப்புகளும் வாங்கிவந்தேன். அது பக்கெட்டுக்குள் சுருண்டு கிடக்கிறது. டேங்கிலிருந்து வரும் காற்று அதில் ஆறிய பிறகுதான் வடிகட்டிக்குப் போகிறது. மூன்று நாள் ஓட்டிப் பார்த்தேன். கிண்ணத்தில் தண்ணீர் நிற்கிறது, ஹோஸ் காய்ந்திருக்கிறது. ஊதுகிற வேலையைக் காலை 10 மணியிலிருந்து 12 மணிக்குள், கடல்காற்று உள்ளே வருவதற்கு முன் முடித்துவிடுகிறேன். ஆனி மாத மேல்காற்று நாட்களில் மத்தியானம் தாண்டியும் நேரம் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மெஷினைத் தொடுவதில்லை.

ஆகவே பெரம்பூர்த் தம்பிக்கு: சிவப்புக்கு இதை அடிக்க வேறொன்று இல்லை. ரிப்பேர் செலவு இரண்டரை வருடத்தில் மொத்தமே 350 ரூபாய். என் கையை விட்டு இதை யாருக்கும் கொடுக்க மாட்டேன். ஆனாலும் நீங்கள் வாங்க வேண்டாம். எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் இப்போது வேண்டாம். அந்தப் பணத்துக்கு நுனி கலையாத இரண்டு நல்ல பிரஷ் வாங்குங்கள். சனிக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், உங்கள் ஆட்களுக்கும் இங்கேயே பிரைமர் போட்டுத் தருகிறேன். காலையிலேயே வந்துவிடுங்கள். காப்பாற்ற முடியாமல் போன அந்த மூன்று பேரையும் மேஜையில் அப்படியே வைத்திருக்கிறேன். அவர்கள் முகத்தைச் சுரண்டித் திரும்ப எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை.