குடும்பப் பெயரின் வேரைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்றார்கள், 18,000 ரூபாய் போனது

அவர்களிடமிருந்து இன்று காலை வந்த பதிலைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. டிஎன்ஏ பரிசோதனை செய்து, உங்கள் குடும்பப் பெயர் எந்த வழியில் வந்தது என்று சொல்கிறோம் என விளம்பரம் செய்யும் ஓர் இணையச் சேவை என்னிடம் 18,000 ரூபாயை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டது. இன்னொருவர் மாட்டக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

பணம் கட்டும் முன் அவர்களுடைய ஆலோசகர் வீடியோ அழைப்பில் பேசினார். ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும், பெரிதாக மாறாமல் போகும். குடும்பப் பெயரும் அப்பா வழியிலேயே வந்திருந்தால் இரண்டும் சேர்ந்தே வரும் என்றார். ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸ் தன் குடும்பப் பெயரையே கொண்ட ஆண்களைச் சோதித்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஒரே வகை ஒய் இருந்ததைச் சொன்னார். தேடிப் பார்த்தேன், உண்மைதான். "உங்களுக்கு ஒய் கிடையாது மேடம், அப்பா வழி ஆண் யாராவது மாதிரி கொடுக்கணும்" என்று அவராகவே சொன்னதும் எனக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது. ஒய்யில் 37 மார்க்கர், அதாவது குடும்ப வழிக்கு வழி எண் மாறுபடும் 37 இடங்களைப் பார்த்து, அதே பெயர்க்காரர்களோடு ஒப்பிட்டுத் தருவதாகப் பேச்சு.

அப்பா இப்போது இல்லை. அந்த வழியில் இருப்பவர் பெரியப்பா ஒருவர்தான், எண்பதைத் தாண்டியவர். அரை மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்து, பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கொடுத்தார். குச்சியைக் குப்பிக்குள் ஒடித்துப் போடும்போது கை நடுங்கியது. நான் வாங்கப் போனேன், தரவில்லை. தானே மூடியைத் திருகினார்.

வந்த அறிக்கையில் ஒரு வண்ண வட்டம், எந்தப் பகுதியின் கலப்பு எத்தனை சதவீதம் என்று. அது எல்லா முன்னோர்களிடமிருந்தும் கலந்து வந்த டிஎன்ஏவைப் பார்க்கும் வேறு சோதனை. குடும்பப் பெயரைப் பற்றி அதனால் ஒன்றும் சொல்ல முடியாது. ஒய் பற்றி ஒரே வரி: 'ஆர்1ஏ'. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து தெற்காசியா வரை கோடிக்கணக்கான ஆண்களுக்கு இருக்கும் பிரிவு அது, குடும்பப் பெயர்கள் தோன்றுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பே உருவானது. இதை வைத்து எந்தக் குடும்பத்தை அடையாளம் காண்பது? 37 மார்க்கர் எண்கள் எங்குமே இல்லை. 'உங்கள் பெயரின் வரலாறு' என்ற பக்கத்தில் அகராதியில் கிடைக்கும் பொருள் மட்டும். 18,000 ரூபாய்க்கு இதுதான்.

கேட்டால், முதலில் "லேப் டீமிடம் அனுப்பியிருக்கிறோம்". அப்புறம் "உங்கள் கேள்வி எங்களுக்கு முக்கியம்" என்று தானியங்கிப் பதில். அந்த ஆலோசகர் இப்போது அங்கே வேலையில் இல்லையாம். விடாமல் எழுதியதும், மார்க்கர் எண்கள் வேண்டுமானால் மேல்நிலைத் திட்டத்துக்கு மாறுங்கள், தனிக் கட்டணம் என்றார்கள். இன்று காலை வந்த கடைசிப் பதில்: உறை பிரித்த கிட்டுக்குப் பணம் திரும்பக் கிடையாது, மாதிரியும் தீர்ந்துவிட்டது. 18,000 ரூபாயையும் விழுங்கிவிட்டு இப்படி ஒரு பதில்! "முடிவு வந்துச்சாம்மா?" என்று பெரியப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவரிடம் என்ன சொல்வது?

விரிவாக எழுத இப்போது மனம் ஓடவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். எந்தச் சோதனை, எத்தனை ஒய் மார்க்கர், எண்களைக் கையில் தருவார்களா என்பதைப் பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்குங்கள், பேச்சை நம்பாதீர்கள். உங்கள் பெயர்க்காரர்கள் அவர்களுடைய தரவுத்தளத்தில் ஏற்கெனவே இருக்கிறார்களா என்று கேளுங்கள். ஒப்பிட ஆள் இல்லாவிட்டால் எண்கள் வந்தும் பயனில்லை. பரவலான பெயர் என்றால் இன்னும் யோசியுங்கள், தொடர்பே இல்லாத பல குடும்பங்கள் அதே பெயரை வைத்திருக்கும். கார்டில் கட்டியவர்கள் உடனே வங்கியில் புகார் கொடுங்கள், நானும் கொடுத்திருக்கிறேன். மாதிரியை அழித்துவிட்டார்களா என்று எழுதிக் கேளுங்கள். எனக்கு அதற்கு மட்டும் இதுவரை ஒரு வரிகூடப் பதில் இல்லை.