ஆரையா, புளியாரையா?

ஆரைக்கீரை என்று நம்பிக் கடைந்து வாயில் வைத்தால் பல் கூசுகிறதா? சட்டியில் இருப்பது புளியாரை.

பேரில் ‘ஆரை’ ஒட்டிக்கொண்டிருக்கிறதே தவிர, இரண்டும் சொந்தமில்லை. ஆரை, நெல்வயலிலும் குளத்தோரச் சேற்றிலும் படரும் பெரணி வகை, பூக்கவே பூக்காது. ஒரு காம்பின் நுனியில் நான்கு இலை, கூட்டல் குறி போல. சித்த வைத்தியத்தில் நீரிழிவுக்குச் சொல்வார்கள்.

புளியாரைக்கு மூன்றே இலை, ஒவ்வொன்றும் இதய வடிவம். பூந்தொட்டியில்கூடத் தானாக முளைக்கும். மஞ்சள் பூவுக்கு ஐந்து இதழ். முற்றிய காயை விரலால் தொட்டால் போதும், விதை தெறித்து ஓடும் (சின்னப் பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு). பொழுது சாய்ந்தால் இலையைக் குடைபோல மடக்கிக்கொள்ளும். பேரிலுள்ள புளிப்பு, ஆக்சாலிக் அமிலத்தின் வேலை; கறுத்த செப்புச் சொம்பை இந்த இலையைக் கசக்கித் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். அதே காரணத்தால் சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இதைத் தொடாமலிருப்பது நல்லது.

‘நாலு இலை குளோவர், அதிர்ஷ்டம்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், நம்ம வயல் ஆரையாகவும் இருக்கலாம். அசல் குளோவர் பயறுக் குடும்பத்துச் செடி.

பருப்புப் போட்டுக் கடைய ஆரை. துவையல் என்றால் என் ஓட்டு புளியாரைக்குத்தான், புளியே சேர்க்க வேண்டாம்.